பிங்க்டாடாவும் முத்துச்சிப்பியும்: நுழைவுத் தேர்வு நூல்களைப் பற்றிச் சில சொற்கள்

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவ நண்பர்களே, உங்கள் கையிலுள்ள வினா-விடைத் தொகுப்பில் மெல்லுடலிகள் பகுதியைத் திறந்து பாருங்கள். பைலா, பிங்க்டாடா, செபியா, லாலிகோ, ஆக்டோபஸ் என்று ஒரு பெயர் வரிசை இருக்கும். அதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் பலர். தூத்துக்குடி மாணவர்களும் அப்படியேதான் ஒப்பிக்கிறார்கள். பிங்க்டாடா வேறொன்றுமன்று; அவ்வூர்க் கடலில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்துச்சிப்பிதான் அது. செபியா என்பது ஓட்டுக் கணவாய். லாலிகோ ஊசிக் கணவாய். துறைமுகத்தில் ஏலம் போவதும், மதியம் குழம்பில் கிடப்பதும், இரவில் விளக்கடியில் மனப்பாடம் ஆவதும் ஒரே பிராணிதான் என்பதை நான் புரட்டிப் பார்த்த வழிகாட்டி நூல்கள் எதுவும் சொல்லவில்லை.

இந்நூல்களின்மீது எனக்குள்ள முதற்குறை இதுவே. பொருளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கையில் கொடுக்கின்றன. வினாவைச் சற்றே திருப்பி, 'இவற்றுள் உடலின் உள்ளே ஓடு உடையது எது?' என்று கேட்டால் வரிசையை ஒப்பித்தவர் திகைத்து நிற்பார். கரையில் ஒதுங்கும் வெள்ளைக் கணவாய் ஓட்டைப் பொறுக்கி விளையாடியவருக்கோ, அந்த ஓட்டின் சொந்தக்காரர் செபியா என்று ஒருமுறை சொன்னால் போதும், ஆயுளுக்கும் மறக்காது.

உயிரியலில் மட்டுமன்று. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முத்தையாபுரம் பக்கம் போனால் உப்பளங்கள் கண்ணில் படும். கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் செறிவடைகிறது. முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. ஏறத்தாழ 25 டிகிரி பாமே அளவை எட்டிய பிறகே சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரிக்குள், மெக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். விட்டுவைத்தால் உப்பும் கசந்துபோகும். எந்த உப்பு முன்னே படியும், எது பின்னே என்பது கரைதிறனைப் பற்றிய பாடம். உப்பளத் தொழிலாளி அதை டிகிரி பார்த்தே சொல்லிவிடுவார். அவருடைய மகளோ அதே செய்தியை, தன் ஊருக்குச் சம்பந்தமில்லாத வாக்கியமாகப் படிக்கிறாள்.

பாயில் விதியும் அப்படித்தான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது; மூச்சை அடக்கி இறங்கியவரின் நுரையீரலிலுள்ள காற்று பாதிக் கனஅளவாகச் சுருங்குகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. ஆனால் சங்கு குளிப்பவர்கள் இந்த விதியை இன்றும் உடம்பால் அறிவார்கள். (இன்னொரு செய்தி: மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது இந்தக் கரையில்தான். இது எந்த வினாத்தாளிலும் வராமல் போகலாம், தெரிந்துகொள்வதில் நட்டமில்லை.)

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வு காட்டியது. அவ்வாண்டு தமிழில் எழுதப் பதிவு செய்தவர்கள் 24,000-க்கும் மேற்பட்டோர். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் என்று வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை என்று எழுதவேண்டிய இடத்தில் அதன் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் பிழையாக ஒலிபெயர்த்திருந்தார்கள். விலங்கின் பெயர் ஒரு பெண்ணின் பெயர்போல் ஒலித்தது! சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண்கள் வழங்கும்படி 2018 ஜூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் இடைக்காலத் தடை விதித்து, நவம்பரில் அந்த ஆணையை ரத்துச் செய்தது. ஆக, பிழை செய்தவர்கள் ஒருபுறம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் தமிழில் படித்த பிள்ளைகள். இதை மாணவர்களின் கவனக்குறைவாகக் காட்ட முயல்வது நேர்மையன்று.

ஆயினும் தேர்வறையில் வழக்குரைஞர் துணைக்கு வரமாட்டார். தமிழைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் கிடைக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே முடிவானது என்பது விதி. எனவே தமிழில் படியுங்கள், தமிழில் சிந்தியுங்கள்; ஆனால் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலப் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். வினா விநோதமாகத் தோன்றினால் கண் உடனே அடுத்த பத்திக்குப் போகவேண்டும். இந்தப் பழக்கத்தை நூலாசிரியர்கள் அல்லவா ஊட்டியிருக்கவேண்டும்? பல நூல்களில் கலைச்சொல் அகராதி ஒரு பக்கம்கூட இல்லை. 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்குப் பாடத்திட்டம் மாறிய பின்னும் பழைய அச்சையே புது அட்டையிட்டு விற்கும் நூல்களும் உண்டு. வாங்குமுன் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழிகாட்டிகள் அடிக்கடி கூறும் மற்றோர் அறிவுரை, 'தெரியாத வினாவைத் தொடாதே' என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு, நான்கு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கு வினாக்களில் சராசரியாக ஒன்று சரியாகும். 4 வரும், 3 போகும். வினாவுக்குக் கால் மதிப்பெண் மிச்சம். இது அற்பம், அதிர்ஷ்டம் கெட்டால் இழப்பும் உண்டு. ஆனால் இரண்டு விடைகளைத் தவறென்று உறுதியாக விலக்க முடிந்தால், சராசரி ஒன்றரை மதிப்பெண்ணாக உயர்கிறது. அத்தகைய வினாவை விட்டுவருவது கையில் வந்ததைக் கடலில் போடுவதற்குச் சமம். விலக்குவதற்குத் தேவை அதிர்ஷ்டமன்று, பொருளறிவு. கணவாய் ஓட்டைக் கண்டவர் பைலாவைத் தயங்காமல் அடித்துவிடுவார்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2025-இல் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள். அவற்றுள் 90 உயிரியல். உயிரியலை ஒரு மணிக்குள் முடிப்பவருக்கே இயற்பியல் கணக்குகளைப் போட மூச்சு இருக்கும்.

விண்ணப்பத்தில் மொழியைக் குறிக்கும் கட்டத்தைப் பிறர் நிரப்ப விடாதீர்கள். கணினி மையத்தில் உட்கார்ந்திருப்பவர் அவசரத்தில் ஆங்கிலம் என்று குறித்துவிட்டால், அன்று கையில் வருவது ஆங்கிலத் தாள் மட்டுமே. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்கவேண்டியிருக்கும். தேர்வு முடிவு வந்தபின் அலையாமல், கோடை விடுமுறைக்குப் பள்ளி அலுவலகம் பூட்டுமுன்பே போய்க் கேளுங்கள்.