இமயத்துப் பனியாறுகளும் ஒரு தவறான எண்ணும்

ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைப் பாதுகாக்கும் சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அதையொட்டிப் புதுச்சேரியில் நான் பணியாற்றும் கல்லூரியில் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. திருத்துவதற்கு என்னிடம் வந்த ஒரு கட்டுரையில், 2035ஆம் ஆண்டுக்குள் இமயமலைப் பனியாறுகள் அடியோடு மறைந்துவிடும் என்றும், பனியாறுகள் உருகியதால்தான் நம் ஊர்க் கடற்கரை மணல் பறிபோயிற்று என்றும் எழுதியிருந்தது. சிவப்பு மைப் பேனாவை எடுத்த என் கை சற்றே தயங்கியது. 2008இல் மாணவனாக இருந்தபோது இதே 2035ஐ எழுதிப் பரிசு வாங்கியவன் நான்!

ஆகவே, வாசகர்களே, இம்முறை நாம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வது ஒரு நூலை அன்று. ஒரே ஒரு வாக்கியத்தை.

வாக்கியம் வந்த வழி

அந்த வாக்கியம் பிறந்த இடம் எளிய இடமன்று. தட்பவெப்ப மாற்றத்தை மதிப்பிடும் அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2007இல் வெளியிட்ட நான்காவது அறிக்கையில், ஆசியாவைப் பற்றிய அத்தியாயத்தில் அது இடம்பெற்றது. அதே ஆண்டில் அக்குழு நோபல் அமைதிப் பரிசையும் பகிர்ந்துகொண்டது. உருகும் வேகம் இப்படியே நீடித்தால் 2035க்குள் இமயப் பனியாறுகள் மறைய மிகுந்த வாய்ப்பு உண்டு என்றும், அவற்றின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்றும் அறிக்கை கூறியது. 1 லட்சம் எஞ்சும் என்றால் அது எப்படி மறைவாகும் என்று அன்று நான் கேட்கவில்லை.

இதற்கு அறிக்கை காட்டிய சான்று, உலக இயற்கை நிதியம் 2005இல் வெளியிட்ட ஓர் அறிக்கை. அதற்குச் சான்று, 1999இல் 'நியூ சயின்டிஸ்ட்' வார இதழில் வந்த ஒரு செய்தி. பரப்புக் கணக்கோ, ரஷ்யப் பனியியல் அறிஞர் கோட்லியாகோவின் 1996ஆம் ஆண்டு யுனெஸ்கோ அறிக்கையில் உள்ளது. ஆனால் அங்கே காணப்படும் ஆண்டு 2350! அதுவும் இமயத்தை மட்டும் குறித்ததன்று. துருவப் பகுதிகளுக்கு வெளியே உலகெங்கும் உள்ள பனியாறுகளைக் குறித்தது. 2010 ஜனவரியில் அக்குழு தன் தவற்றை ஒப்புக்கொண்டது.

பென்சில் போதும்

இத்தவற்றைக் கண்டுபிடிக்க இமயம் ஏற வேண்டுமா? வேண்டியதில்லை. இமயப் பனியாறுகளின் பரப்பு ஏறத்தாழ 30 லட்சம் ஹெக்டேர் என்று அதே பகுதியின் தொடக்கத்தில் அறிக்கை சொல்கிறது. அதாவது 30,000 சதுர கிலோமீட்டர். அது எப்படி 5 லட்சமாயிற்று?

இன்னொன்று. பிண்டாரி என்னும் பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது, ஆகவே ஆண்டுச் சராசரி 135.2 மீட்டர் என்கிறது அங்குள்ள அட்டவணை. 1845க்கும் 1966க்கும் இடையே உள்ளவை 121 ஆண்டுகள். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 23.5 மீட்டர்தான் வரும். 21ஆல் வகுத்தால் 135.2 வருகிறது. நூறு ஆண்டுகள் காணாமற் போய்விட்டன!

மூன்றாவது கணக்குப் பௌதிகம் சார்ந்தது. ஒரு பனியாற்றின் சராசரித் தடிமன் 100 மீட்டர் என்று கொள்வோம். 2007இலிருந்து 28 ஆண்டுகளில் அது மறைய வேண்டுமானால், ஆண்டுதோறும் மூன்றரை மீட்டருக்கு மேல் மெலிய வேண்டும். உண்மையில் எவ்வளவு மெலிகிறது?

அளப்பது எப்படி?

இமாசலப் பிரதேசத்தின் சந்திரா பள்ளத்தாக்கில் சோட்டா ஷிக்ரி என்றொரு பனியாறு உள்ளது. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தார் பிரெஞ்சு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2002 முதல் அதை அளந்து வந்துள்ளனர். முறை மிக எளியது. பனியில் துளையிட்டு மூங்கிற் கழிகளை நடுவார்கள். அடுத்த ஆண்டு சென்று, கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்ப்பார்கள். அது செலவு. மேற்பகுதியில் பள்ளம் தோண்டி, புதிதாக விழுந்த பனியின் தடிமனையும் அடர்த்தியையும் அளப்பார்கள். அது வரவு. வரவையும் செலவையும் கூட்டிக் கழித்தால் பனியாற்றின் நிறைக் கணக்குக் கிடைத்துவிடும். சோட்டா ஷிக்ரியில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீருக்குச் சமமான நட்டமாக இருந்தது. மூன்றரை எங்கே, அரை எங்கே!

பனியாற்றின் முகப்பு எவ்வளவு பின்வாங்கியது என்பது மட்டும் போதாதா எனக் கேட்கலாம். போதாது. தட்பவெப்பம் மாறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே பெரிய பனியாறுகளின் முகப்பு நகர்கிறது. நிறைக் கணக்கோ அந்தந்த ஆண்டின் வெயிலையும் பனிப்பொழிவையும் உடனே காட்டிவிடும். பனியாற்றையும் தட்பவெப்பத்தையும் இணைத்துப் படிக்க விரும்பும் மாணவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

மறுபக்கத் தவறு

2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் ஆய்வுரையை வெளியிட்டது. எழுதியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் உயர் பதவி வகித்த வி. கே. ரைனா. இமயப் பனியாறுகள் அசாதாரண வேகத்தில் பின்வாங்கவில்லை என்றார் அவர். 2035 பற்றிய ஐயம் நியாயமானதே. ஆனால் அந்த எண் விழுந்ததும், பனியாறுகள் உருகுவதே கட்டுக்கதை என்று சிலர் பேசத் தொடங்கினர். இதுவும் அளக்காமல் பேசிய பேச்சே.

2019இல் வெளியான ஓர் ஆய்வு, 1970களில் அமெரிக்க உளவுத் துணைக்கோள்கள் எடுத்த படங்களைப் பிற்காலப் படங்களுடன் ஒப்பிட்டது. 650 இமயப் பனியாறுகள் 1975 முதல் 2000 வரை ஆண்டுக்குக் கால் மீட்டர் அளவிலும், 2000க்குப் பின் அரை மீட்டர் அளவிலும் மெலிந்திருந்தன. வேகம் இரட்டித்துவிட்டது! உலகின் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும், 2100க்குள் இந்துகுஷ்–இமய வட்டாரப் பனியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று காட்மாண்டுவிலுள்ள மலைவள மையம் அதே ஆண்டு மதிப்பிட்டது. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரைக் கரைகளில் வாழ்வோருக்கு இது சிறிய செய்தியன்று. அச்சமூட்டப் பொய்யான எண் தேவையில்லை. மெய்யான எண்ணே போதுமானது.

நம் கடற்கரை

மாணவரின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். பனி உருகுவதால் கடல்மட்டம் உயர்வது உண்மை. ஆனால் புதுச்சேரியின் மணல் போனதற்கு முதற்காரணம் அருகிலேயே உள்ளது. இக்கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. பழியை இமயத்தின்மீது போட்டுவிட்டால், நம் வாசலில் உள்ள காரணத்தை யார் கவனிப்பார்?

அந்தக் கட்டுரைக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. ஓரத்தில் '2,840 ÷ 121 = ?' என்று மட்டும் எழிதித் திருப்பித் தந்தேன். மறுநாள் காலை மாணவர் விடையுடன் வந்தார். "ஐயா, அட்டவணை தப்பா, நான் தப்பா?" என்று கேட்டார். 2008இல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.