கைவிடப்பட்ட காப்பகங்களும் கடன் வாங்கிய அச்சமும்

குறைந்த செலவில் திகில் படம் எடுக்க விரும்புவோருக்குப் பாழடைந்த மனநோய் மருத்துவமனையைப் போல உதவும் இடம் வேறில்லை. அரங்கம் அமைக்க வேண்டியதில்லை. பெயர்ந்த சுண்ணாம்பு, துருப்பிடித்த கட்டில்கள், முடிவில்லாமல் நீளும் நடைகூடம் என அனைத்தும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. நடிகர்கள் ஐந்தாறு பேர், கைவிளக்குகள் சில, நடுங்கும் கேமரா ஒன்று இருந்தால் போதும். ஆயினும் இவை எல்லாவற்றினும் மலிவாகக் கிடைப்பது அச்சமே. அதை இயக்குநர் உண்டாக்க வேண்டியதில்லை. 'பைத்தியம்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குள் எழும் பழைய நடுக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறார்.

இத்தகைய படங்கள் நம் பங்கு இளைஞர்களின் கைப்பேசிகளில் தாராளமாக உலவுகின்றன. "வெறும் பொழுதுபோக்குதானே, ஃபாதர்" என்கிறார்கள். பேய்ப்படம் பார்த்தால் விசுவாசம் கெட்டுவிடும் என்று அஞ்சுபவன் அல்லன் நான். என் வினா வேறு: இப்படங்களில் பேயாக வருபவர் யார்?

2011இல் வெளிவந்த 'கிரேவ் என்கவுண்டர்ஸ்' என்னும் கனடா நாட்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம். பேய் வேட்டை நிகழ்ச்சி நடத்தும் தொலைக்காட்சிக் குழு ஒன்று, மூடப்பட்ட மனநோய் மருத்துவமனைக்குள் ஓரிரவு தங்குகிறது. தொடக்கம் மிக நன்று. பேயைக் கண்டதாகச் சொல்லும்படி தோட்டக்காரருக்குப் பணம் கொடுக்கிறார் நிகழ்ச்சித் தலைவர். ஆவிகளோடு பேசுபவராக அறிமுகமாகிறவரோ வெறும் நடிகர். பொய்யை விற்போரைத் தோலுரிக்கும் இந்த அங்கதம் நீடித்திருந்தால் படம் உயர்ந்திருக்கும். ஆனால் இரவு வளர வளர, அதே சரக்கை இயக்குநர்களே விற்கத் தொடங்குகின்றனர். வாய் பிளந்து பாய்ந்துவரும் உருவங்கள் அங்கே சிகிச்சை என்னும் பெயரால் வதைக்கப்பட்டவர்கள் எனப் படமே கூறுகிறது. அப்படியிருந்தும் அவர்களுக்காக இரங்க நமக்கு ஒரு நொடியும் தரப்படுவதில்லை. படப்பிடிப்பு நடந்த ரிவர்வியூ மருத்துவமனையிலிருந்து கடைசி நோயாளிகள் வெளியேறியது 2012இல்தான். படம் திரைக்கு வந்தபோது அந்த வளாகத்தில் உண்மையான நோயாளிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்!

2018இல் வெளியான தென்கொரியப் படம் 'கோன்ஜியாம்' தொழில் நேர்த்தியில் இதனினும் மேல். இணைய நேரலையில் பார்வையாளர் எண்ணிக்கை ஏற ஏற, கூடாரத்தில் அமர்ந்திருக்கும் தலைவனின் பேராசையும் ஏறுவதை நுட்பமாகக் காட்டுகிறார்கள். நோயாளிகளைப் பற்றியோ, கூட்டமாக மாண்டார்கள் என்பதற்கு மேல் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இவற்றுக்கு முன்பே, 2001இல், பிராட் ஆண்டர்சன் இயக்கிய 'செஷன் நைன்' வேறு வழி சென்றது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், 1992இல் மூடப்பட்ட டான்வர்ஸ் அரசு மருத்துவமனையிலேயே எடுக்கப்பட்ட படம் இது. இங்கே பேய் வேட்டைக்காரர் எவருமில்லை. கட்டடத்திலுள்ள ஆஸ்பெஸ்டாசை அகற்ற வந்த தொழிலாளர் ஐவர், அவ்வளவே. ஒப்பந்தக்காரர் கார்டன் பணமுடையில் இருக்கிறார், வீட்டில் கைக்குழந்தை. வேலை கைநழுவிப் போகக் கூடாதென்று, பல வாரங்கள் பிடிக்கும் பணியை ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாக வாக்களிக்கிறார். படத்தின் முதல் திகில் இதுதான் என்பேன். கடன்பட்ட குடும்பத் தலைவரின் முகத்தில் உறக்கமின்மை நாளுக்கு நாள் படிவதைப் பீட்டர் முல்லன் நடித்துக் காட்டும் விதம், எந்த ஆவியும் தர இயலாத கலக்கத்தைத் தருகிறது. தொழிலாளருள் ஒருவர், மேரி என்ற முன்னாள் நோயாளியின் சிகிச்சை உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களைக் கண்டெடுத்து, வேலையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அவளுக்குள்ளிருந்து பேசும் குரல்களுள் ஒன்று, தான் நலிந்தோரிடமும் காயமுற்றோரிடமும் குடியிருப்பதாகச் சொல்கிறது. இறுதியில் நாம் அறியும் கொடுமையோ இருண்ட நிலவறையில் நிகழ்ந்ததன்று. கார்டனின் சொந்த வீட்டில், தவறுதலாகக் கொட்டிய கொதிநீரால் மூண்ட சினத்தில் நிகழ்ந்தது. தீமையின் இருப்பிடத்தை நோயாளியின் படுக்கையிலிருந்து பெயர்த்து, நம்மைப் போன்ற உழைப்பாளியின் நெஞ்சில் வைத்துக் காட்டுகிறது இப்படம். பாவம் பற்றி நான் ஆற்றிய பல மறையுரைகளைவிட இது ஆழமாகத் தைத்தது.

ஆயினும் ஒரு குறை உண்டு. மேரியின் நோயும் அந்தத் தீய குரலும் ஒன்றெனவே படம் நம்மை எண்ண வைக்கிறது. அவளுக்கென்று ஒரு முகம் இல்லை. பழைய நிழற்படமும் நாடாவும் மட்டுமே.

உண்மையில், 1878இல் திறக்கப்பட்ட அந்த டான்வர்ஸ் கட்டடம் கருணையால் எழுந்தது. வெயிலும் தூய காற்றும் மனநோயைத் தணிக்கும் என்று நம்பிய மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைடு வகுத்த முறைப்படி, விரித்த சிறகுகள் போல அதன் பகுதிகள் அமைந்தன. சில நூறு பேருக்கான இடத்தில் பின்னாளில் 2000 பேருக்கும் மேல் அடைக்கப்பட்டனர். 1955இல் அமெரிக்க மாநில மனநோய் மருத்துவமனைகளில் இருந்தோர் ஏறத்தாழ 5.5 லட்சம் பேர். பின்னர் புதிய மருந்துகளும் மாறிய கொள்கைகளும் அவற்றைக் காலி செய்தன. டான்வர்சில் மாண்ட நூற்றுக்கணக்கானோர், பெயரின்றி எண் மட்டும் பொறித்த கற்களின் கீழ் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். முன்னாள் நோயாளிகளே முன்னின்று பதிவேடுகளைத் தேடி, அவர்களின் பெயர்களை மீட்டுக் கல்லில் பொறித்தார்கள்.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே வாழ்ந்த ஒரு மனிதர் வருகிறார். விலங்குகளையும் சங்கிலிகளையும் உடைத்து இரவும் பகலும் கூச்சலிட்டவர். இன்றைய திகில் இயக்குநர் அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டார். ஆனால் ஆண்டவர் அவரிடம் கேட்பது பெயரை. ஊரார் அஞ்சியதாக மாற்கு குறிப்பிடும் இடத்தையும் கவனியுங்கள்: அவர் ஆடையணிந்து, அறிவுத் தெளிவுடன் அமர்ந்திருக்கக் கண்டபோதுதான் அஞ்சினார்களாம்.

பேய் பிடித்திருப்பதாக எளிதில் நம்பிவிடலாகாது என்று குருக்களை எச்சரித்தது 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல். 1999இல் வெளியான திருத்திய நூல், தேவைப்படுமிடத்து மருத்துவ வல்லுநரையும் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. ஆனாலும் மகளுக்கு மனநோய் என்று வெளியே சொல்ல அஞ்சி, "ஏதோ அண்டிவிட்டது, மந்திரித்து விடுங்கள்" என்று பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோர் இன்றும் உண்டு. அந்த மகள் இப்படங்களுள் ஒன்றைக் காண நேர்ந்தால், திரையில் தன்னையே பேயாகக் காண்பாள்.

'செஷன் நைன்' படத்தைப் பெரியவர்கள் கூடிப் பார்த்து விவாதிக்கலாம். கொடூரக் காட்சிகளும் கொச்சைச் சொற்களும் உள்ளமையால் சிறுவர்க்கு ஆகாது. படத்தில் காணும் அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி 2006 தொடங்கி இடிக்கப்பட்டு, முகப்பை மட்டும் விட்டுவைத்து, அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துவிட்டது.