செஞ்சேறும் மர எண்ணெயும்

அலுமினியத் தொழிலின் கழிவைக் கொண்டு மரத்திலிருந்து எரி எண்ணெய் எடுக்கலாம் என்ற செய்தியைச் சிலர் படித்திருப்பீர்கள். வினையூக்கி மலிவாகும், நல்ல எரிபொருள் கிடைக்கும், கழிவும் தீரும் என்று மூன்று பயன்கள் கூறப்படுகின்றன. ஒரே கல்லில் மூன்று மாங்காய்! மூன்றும் விழுமா என்று பார்ப்போம்.

பாக்ஸைட் தாதுவைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் இட்டு அலுமினாவைப் பிரிப்பது, 1888-இல் கார்ல் ஜோசப் பேயர் காப்புரிமை பெற்ற முறையாகும். கரையாமல் எஞ்சுவது செஞ்சேறு. அதன் செந்நிறத்திற்குக் காரணம் இரும்பு ஆக்ஸைடு. காரம் மிகுந்த இச்சேறு உலகில் ஆண்டுதோறும் 15 கோடி டன்னுக்கு மேல் சேருகிறது. 2010 அக்டோபரில் ஹங்கேரி நாட்டின் அய்க்கா நகருக்கு அருகே சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து, அது ஊர்களுக்குள் புகுந்தது. 10 பேர் மாண்டனர். எனவே இதற்கு ஒரு பயன் தேடுவது நியாயமே.

மரத்தூளைக் காற்றுப் படாமல் சுமார் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு விரைவாகச் சூடேற்றி, எழும் ஆவியைக் குளிர்வித்தால் கரிய எண்ணெய் கிடைக்கிறது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்ஸிஜன் இருக்கிறது. ஆகவே அதில் அமிலம் மிகுதி, உலோகத்தை அரிக்கும், நாள்பட்டால் கெட்டிப்படும். கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலிய எண்ணெய் தருவதில் பாதிகூட இல்லை. ஆவியை வினையூக்கியின்மீது செலுத்தினால் ஆக்ஸிஜனில் ஒரு பகுதி நீராகவும் கார்பன் வாயுக்களாகவும் வெளியேறும். இதற்கு வழக்கமாகப் பயன்படும் ஜியோலைட் விலை உயர்ந்தது. கரி படிந்து விரைவில் செயலிழக்கக் கூடியது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்டர் அக்பிளெவர் குழுவினர், அப்பகுதியில் வளரும் பினியன், ஜூனிப்பர் மரங்களைச் செஞ்சேற்றுடன் சோதித்தனர். எண்ணெயின் அமிலத் தன்மையும் பாகுத் தன்மையும் குறைந்தன. படிந்த கரியை எரித்துவிட்டுச் சேற்றை மீண்டும் பயன்படுத்தவும் முடிந்தது. மலிவான வினையூக்கி என்ற முதல் மாங்காய் விழுந்துவிட்டது.

இரண்டாவது பாதிதான் விழுகிறது. வினையூக்கி ஆற்றலை உண்டாக்குவதில்லை. எண்ணெயின் தரத்தை மாற்றுகிறது, அவ்வளவே. கார்பன் வாயுக்களாக வெளியேறுவதும் மரத்தின் கார்பன்தானே? தரம் உயர, அளவு குறைகிறது. இதன் பிறகும் வாகனங்களுக்கு ஏற்றதாக்க ஹைடிரஜன் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும்.

மூன்றாவது மாங்காய் எட்டாத உயரத்தில் இருக்கிறது. வினையூக்கி என்பதன் இலக்கணமே, வினையில் தான் செலவாகாமல் இருப்பது. அது எவ்வளவு சிறந்ததோ அவ்வளவு குறைவாகத் தேவைப்படும்! ஒரு கணக்குப் போடுவோம். வெறும் 20 டன் மரத்தோடு 1 டன் சேறு பயனற்றுப் போவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுச் சேற்றைச் செலவிட 300 கோடி டன் மரம் வேண்டும். உலகில் ஓராண்டில் வெட்டப்படும் மரம் முழுவதும் ஏறத்தாழ 400 கோடி கன மீட்டர். உலர்ந்த எடையில் சுமார் 200 கோடி டன். வெட்டிய மரம் அனைத்தையும் கொட்டினாலும் போதாது. பயனற்றுப்போன சேறும் மறைந்துவிடாது; சேறாகவே எஞ்சும்.

ஆகவே இதை மலிவான வினையூக்கி என்று பாராட்டுவோம். கழிவுக்குத் தீர்வு என்று சொல்ல வேண்டாம். அப்படி நம்பிவிட்டால், தேக்கங்களின் கரைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு தளர்ந்துவிடும். மாணவர்களே, கழிவிலிருந்து செல்வம் என்ற செய்தியைக் காணும்போதெல்லாம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஆண்டுக்கு எவ்வளவு சேருகிறது? எவ்வளவு செலவாகும்?