ஒரு பள்ளத்தாக்கு, இரு கட்டுரைகள்

அமெரிக்க அறிஞர் ஆல்டோ லியபோல்டு (1887–1948) எழுதியவற்றுள் பலரும் போற்றுவது, அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்த ‘மணல் வட்டாரக் குறிப்பேடு’ என்னும் நூலாகும். அதன் இறுதிக் கட்டுரையான ‘நில அற’த்தைப் படிப்போர், 1935இல் அவரே கூன் பள்ளத்தாக்கைப் பற்றி வரைந்த கட்டுரையையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும். முந்தியதில் நம்பிக்கை, பிந்தியதில் கசப்பு. பேசப்படுவோரோ பெரும்பாலும் ஒரே வட்டாரத்து உழவர்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கேயுள்ள அப்பள்ளத்தாக்கில், செங்குத்துச் சரிவுகளில் மாடு மேய்ந்தும், மேலிருந்து கீழாக ஏரோட்டியும் மண் கரைந்தது, ஓடைகள் தூர்ந்தன. 1933இல் மைய அரசு அங்கே நாட்டின் முதல் நீர்ப்பிடிப்பு மண்காப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. கட்டாயம் ஏதுமில்லை. விரும்பியவர் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அரசு ஆளும் விதையும் வேலிக்கம்பியும் சுண்ணாம்பும் தரும். உழவர் சரிவின் குறுக்கே சமமட்டத்தில் பட்டை பட்டையாகப் பயிரிட்டு, மேட்டுக் காட்டிலிருந்து மாட்டை விலக்க வேண்டும். (ரப்பர்த் தோட்டத்துக் குன்றுகளில் வரி வெட்டியிருப்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கே நிர்வாகத்தின் கட்டளை. இங்கே உழவரின் கையொப்பம்.) 400க்கு மேற்பட்ட பண்ணையாளர் ஒப்பமிட்டனர்.

உழவு, காடு, காட்டுயிர், மண்காப்பு ஆகியவற்றை ஒட்டுப்போடாமல் ஒரே பண்ணைத் திட்டமாகப் பிணைத்ததே அம்முயற்சியின் சிறப்பு என்று 1935இல் லியபோல்டு எழுதினார். அக்கட்டுரையில் அவர் கண் நிலத்தின்மேல் இருக்கிறது.

‘நில அற’த்தில் அவர் கண் உழவரின் மனத்தின்மேல் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும், உடனே வருவாய் தந்த முறைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை மறந்துவிட்டனர் என்கிறார். உழவரே தம் நிலத்துக்கு விதி வகுத்துக்கொள்ள 1937ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தும், பத்தாண்டுகளில் ஒரு மாவட்டமும் ஒரு விதியேனும் எழுதவில்லை என்று குத்திக்காட்டுகிறார். இதற்கு மருந்தாக ‘இன்னும் கல்வி’ என்று எல்லாரும் சொல்வதை அவர் ஏற்பதில்லை. குறை கல்வியின் அளவில் மட்டுந்தானா, அதன் பொருளிலும் உண்டா என்று கேட்கிறார். சட்டத்துக்குப் பணி, சங்கத்தில் சேர், இலாபமானதைச் செய், மற்றதை அரசு பார்த்துக்கொள்ளும் என்று போதிக்கும் பாடம் யாரிடத்தும் எந்தத் தியாகத்தையும் கேட்பதில்லை என்பது அவர் வாதம். ஆசிரியர்கள் இருமுறை படிக்கத்தக்க பகுதி இதுவே.

ஆனால் கணக்கில் லியபோல்டு தவறிவிட்டார். ஸ்டான்லி டிரிம்பிள் 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1975 முதல் 1993 வரை அப்பள்ளத்தாக்கில் வண்டல் படிந்த வேகம், 1930களில் இருந்ததில் ஏறக்குறைய 6 விழுக்காடே. தம் இலாபத்துக்கென உழவர் விடாது பற்றிக்கொண்ட முறைகளும் மண்ணைக் காத்தன. பல்கலைக்கழக ஊதியம் பெற்று, வார இறுதியில் தம் பண்ணையில் மரம் நட்ட ஒருவர், பொருளாதார மந்தத்தில் பால் விற்றுப் பிழைத்தவரின் வரவு செலவைச் சற்றே பரிவோடு பார்த்திருக்கலாம். அவர் உழவரை வெறுத்தவர் அல்லர். அண்டை நிலத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்திலேதான் உயிர் நீத்தார்.

எனினும் அவர் கேள்வி நிற்கிறது. வருவாய் தராத வனச்சரிவையும் ஓடைக்கரையையும் யார் காப்பது? 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில், பிற்காலத்தில் அங்குக் கட்டப்பட்ட அணைகளுள் மூன்று உடைந்தன. அதன்பின் அவ்வூர் மக்கள் தாமே கூடி நீர்ப்பிடிப்புக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டனர். அதிலும் சேர்வது அவரவர் விருப்பமே.