ஆட்டவிதியும் ஊழ்விதியும்: தமிழ்க் காலச்சுழல் திரைப்படங்களில் கணினி விளையாட்டின் கதைமுறை

முன்னுரை

இந்தியக் கணினி விளையாட்டுத் தொழில் வேரூன்றிய தொடக்க இடங்களுள் பெங்களூரு ஒன்று. 1997ஆம் ஆண்டு அங்குத் தொடங்கப்பெற்ற துருவா இன்டராக்டிவ் நிறுவனம் அயல்நாட்டு விளையாட்டுகளுக்கு வேண்டிய உருவங்களையும் பின்புலங்களையும் வரைந்தளித்து வந்தது. 2019 மே மாதத்தில் ராக்ஸ்டார் கேம்ஸ் அதனைத் தன்வயப்படுத்தியது. அதற்கடுத்த மாதம், 14ஆம் நாள், அஸ்வின் சரவணன் இயக்கிய ‘கேம் ஓவர்’ தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் கணினி விளையாட்டு என்னும் வடிவம், அதனை ஆடியறியாதவர்க்கும் அதன் விதி விளங்கும் அளவிற்குத் தென்னிந்திய வாழ்வில் கலந்துவிட்டமையை இரண்டும் ஒருசேரக் காட்டுகின்றன. ‘மூன்று உயிர்’ என்ற சொற்சேர்க்கைக்குத் திரையரங்கில் எவரும் விளக்கம் கேட்பதில்லை.

2019இல் ‘கேம் ஓவர்’, 2021 நவம்பரில் ஒரே வார இடைவெளியில் ‘ஜாங்கோ’, ‘மாநாடு’ என, இறந்தவர் மீண்டும் அதே பொழுதிற்குத் திரும்பி முயலும் கதைகள் தமிழில் அடுத்தடுத்து வந்தன. ஆங்கிலப் படங்களின் சாயல் இவை என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. விளையாட்டிலிருந்து இவை எதனைக் கடன்கொண்டன, கொண்டதனைத் தமிழ்ச் சூழலில் எவ்வாறு மாற்றின, அம்மாற்றம் எதனை மறைக்கிறது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. ‘கேம் ஓவர்’, ‘மாநாடு’ ஆகிய இரு படங்களே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

விளையாட்டின் கதைமுறை

கணினி விளையாட்டினைத் தனித்த கலைவடிவாகக் கொண்டு ஆராய்ந்தோருள் யெஸ்பர் யூல் குறிப்பிடத்தக்கவர். விளையாட்டின் உலகம் புனைவு, ஆனால் அதன் விதிகள் மெய்யானவை என்பது 2005இல் வெளிவந்த அவருடைய நூலின் மையக் கருத்து. அரக்கன் பொய், அவனிடம் தோற்பது மெய். ஆடுபவரின் விரல் பிழைபட்டால் உயிர் ஒன்று குறையும். மீண்டும் தொடக்கத்திற்குச் செல்லும்போது அவர் கொண்டுசெல்வது பயிற்சி ஒன்றையே.

திரைப்படத்தில் நிலை வேறு. பார்ப்பவரின் கையில் எதுவும் இல்லை. உலகமும் புனைவு, விதியும் புனைவு. ஆகவே விளையாட்டின் கதைமுறையைத் திரைப்படம் மேற்கொள்ளும்போது கையின் பயிற்சிக்கு ஈடாக வேறொன்றை வைக்க வேண்டியதாகிறது. அது நினைவு. திரும்பி வரும் பாத்திரம் முன்பு நிகழ்ந்ததனை நினைவில் கொண்டிருக்கிறது, பிறர் மறந்துவிடுகின்றனர். இந்த ஏற்றத்தாழ்வே காலச்சுழல் படங்களின் இயக்குவிசை எனலாம்.

மாற்று உலகம் காட்டும் படங்கள் அனைத்தும் இவ்வகையின அல்ல. பெங்களூருவைக் களமாகக் கொண்டு பவன் குமார் இயக்கிய கன்னடப் படமான ‘லூசியா’ (2013) இதனைத் தெளிவுபடுத்தும். பொதுமக்கள் பலரிடம் சிறு தொகைகளைத் திரட்டி எடுக்கப்பட்ட அப்படம், 2015இல் ‘எனக்குள் ஒருவன்’ எனத் தமிழிலும் ஆக்கப்பட்டது. திரையரங்கில் கைவிளக்கேந்தி இருக்கை காட்டும் இளைஞன் ஒருவன், மாத்திரையின் துணையால் வேறொரு வாழ்வைக் கனவில் வாழ்கிறான். ஈருலகங்கள் உண்டு, ஒன்றின் சாயல் மற்றொன்றில் படிவதும் உண்டு. ஆனால் தோல்வியுற்றுத் தொடக்கத்திற்கு மீளும் முயற்சி அங்கில்லை. ஆதலின் அது கனவின் கதைமுறை. விளையாட்டின் கதைமுறை அன்று. மீள்தொடக்கம், எஞ்சும் நினைவு, வெல்வதற்குரிய நிபந்தனை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி ஒரு படத்தினை இவ்வகையுள் அடக்குதல் பொருந்தாது.

மரபில் மீள்தொடக்கம்

வீழ்ந்து மீளும் ஆட்டம் தமிழர்க்குப் புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்பெறும் பரமபதத்தில் உச்சிக்கு அருகில் சென்றவனையும் பாம்பு கீழே இறக்கிவிடும். அங்கே ஏற்றமும் இறக்கமும் தாயக்கட்டையின் வழிப்பட்டவை. வீழ்ந்தவன் அடுத்த முறை அப்பாம்பினை அறிந்திருந்தும் தவிர்க்க இயலாது.

வேதாளக் கதைகளிலோ திரும்பத் தொடங்குதலே கதையின் சட்டகம். விக்கிரமாதித்தன் மௌனம் கலைத்தால் வேதாளம் மீண்டும் மரமேறும். விடை தெரிந்தும் சொல்லாதிருந்தால் தலை வெடிக்கும். அறிவுடையவனாக இருப்பதே அவன் தோற்பதற்குக் காரணம். விடை தெரியாத வினா வந்த பின்னரே அவன் தோளிலிருந்து வேதாளம் இறங்காமல் நிலைக்கிறது. கணினி விளையாட்டில் அறிவு முன்னேற்றும். இக்கதையில் அறிவு பின்னிழுக்கும்.

மணிமேகலைக் காப்பியம் இன்னும் நெருங்கிய ஒப்புமை தருகிறது. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு மணிமேகலை தன் பழம்பிறப்பினை உணர்கிறாள். உதயகுமரன் முற்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்பதும் அவளுக்குத் தெரியவருகிறது. ஆயினும் அந்நினைவு உதயகுமரன் காஞ்சனனின் வாளுக்கு இரையாவதைத் தடுக்கவில்லை. அது முன்வினைப் பயன் எனக் கந்திற்பாவை எடுத்துரைக்கிறது. முற்பிறப்பின் நினைவு இங்கே நிகழ்ச்சியைத் திருத்துவதற்கன்று, பற்றினை அறுப்பதற்கு.

‘விதி’ என்னும் ஒரே சொல் தமிழில் ஊழினையும் குறிக்கும், ஒழுங்குமுறையினையும் குறிக்கும். பரமபதமும் மணிமேகலையும் முதற்பொருளைச் சார்ந்தவை. கணினி விளையாட்டு இரண்டாம் பொருளைச் சார்ந்தது: விதி என்பது கற்றுக்கொள்ளத்தக்கது, கற்றால் வெல்லத்தக்கது. தமிழ்க் காலச்சுழல் படங்கள் இவ்விரு பொருள்களுக்கும் இடையே நின்று தடுமாறுகின்றன. அத்தடுமாற்றமே அவற்றின் தனித்தன்மையும் ஆகிறது.

‘கேம் ஓவர்’: கடனாகப் பெற்ற உயிர்

‘கேம் ஓவர்’ படத்தின் சொப்னா (டாப்சி) கணினி விளையாட்டு வடிவமைப்பாளர். வன்கொடுமையின் வடு ஆறாத நிலையில், கால்கள் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் அவளது வீட்டினைக் கொலைகாரர் சூழ்கின்றனர். அவளுக்கு மூன்று உயிர்கள் கிடைக்கின்றன. இது அறிவியல் புனைவு என்பதினும் திகில் படம் எனத்தக்கது. எனினும் விளையாட்டின் இலக்கணத்தைத் தமிழில் வெளிப்படையாகக் கையாண்ட படம் இதுவே.

அம்மூன்று உயிர்களும் எங்கிருந்து வந்தன என்பதற்குப் படம் தரும் விடை கருதத்தக்கது. அவள் கையில் பச்சை குத்தப்பட்ட மையில் கொலையுண்ட அமுதா என்னும் பெண்ணின் சாம்பல் கலந்திருக்கிறது. புற்றுநோயோடு பலமுறை போராடி மீண்டவள் அமுதா. விளையாட்டில் உயிர்கள் இலவசமாகக் கிடைப்பவை. காசு போட்டால் மேலும் கிடைக்கும். இங்கோ ஒவ்வோர் உயிரும் இன்னொரு பெண் பட்ட துன்பத்தின் எச்சம். எண்ணிக்கை மூன்றோடு நிற்பதால் ஒவ்வொரு தோல்வியும் பார்ப்பவர் மனத்தில் எடை பெறுகிறது. வீட்டுப் பணியாளர் கலாம்மாவும் சொப்னாவோடு தாக்குதலுக்கு ஆளாகிறார் என்பதால், தன்னைக் காத்தல் என்பது பிறரையும் காத்தலாக விரிகிறது. விளையாட்டிலிருந்து எடுத்த விதியைக் கடன் என்னும் அறக்கருத்தாகப் படம் மாற்றிவிடுகிறது.

‘மாநாடு’: குருதியில் கலந்த நினைவு

வெங்கட் பிரபு இயக்கிய ‘மாநாடு’ 2021 நவம்பர் 25ஆம் நாள் வெளிவந்தது. நண்பனின் திருமணத்திற்கு உதவும் பொருட்டு விமானத்தில் வரும் அப்துல் காலிக் (சிலம்பரசன்), முதலமைச்சரை மாநாட்டு மேடையில் கொன்று பழியை ஓர் இசுலாமிய இளைஞன்மீது சுமத்தி மதக்கலவரம் தூண்டும் சதியில் சிக்குகிறான். சதியை நிறைவேற்றுபவன் காவல்துறை அதிகாரி தனுஷ்கோடி (எஸ்.ஜே. சூர்யா). ஒவ்வொரு முறை இறக்கும்போதும் காலிக் அதே விமான இருக்கையில் கண்விழிக்கிறான்.

இவ்வகைப் படங்களுள் ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ (2014) ‘மாநாட்டோடு’ ஒப்பிடத்தக்கது. அது ஹிரோஷி சகுராசாகாவின் 2004ஆம் ஆண்டு சப்பானியப் புதினத்தைத் தழுவியது. இரு படங்களிலும் காலத்தை மீட்கும் ஆற்றல் குருதி வழியாகக் கடத்தப்படுகிறது. ஆனால் ஆங்கிலப் படத்தில் பிறர் குருதி ஏற்றப்படும்போது நாயகன் ஆற்றலை இழக்கிறான். ‘மாநாட்டில்’ காலிக்கின் குருதி தனுஷ்கோடியின் உடலில் சேர்வதால் பகைவனும் அந்நினைவினைப் பெறுகிறான். ஒருவர் ஆடிய ஆட்டம் இருவர் ஆடும் ஆட்டமாகிறது. நினைவின் ஏற்றத்தாழ்வு நீங்கியபின் கதை பயிற்சியை விடுத்துச் சூழ்ச்சியை நோக்கித் திரும்புகிறது. காலிக்குக்குக் கடமையாகத் தோன்றும் மீள்வருகை தனுஷ்கோடிக்குச் சலிப்பாகத் தோன்றுகிறது. சூர்யாவின் நடிப்பு இச்சலிப்பினை நகைச்சுவையாக்கிய முறையே படத்தின் வெற்றிக்குப் பெருந்துணை புரிந்தது. பிரவீன் கே.எல். அவர்களின் படத்தொகுப்பு, ஒருமுறை காட்டியதனை மறுமுறை குறிப்பாலேயே கடந்துசெல்கிறது. தெரிந்த கட்டத்தை விரைந்து தாண்டும் ஆடுபவரின் மனநிலைக்கு இது இணையானது.

காலச்சுழலின் காரணத்தைப் படம் அறிவியலில் தேடவில்லை. கலவரத்தின் நடுவே உச்சயினிக் காலபைரவர் கோயிலில் பிறந்தவன் காலிக் என்பதே தரப்படும் விளக்கம். இதனை அறிவியல் புனைவின் குறையாகக் கருதுவோர் உளர். எனினும் காலத்தின் தெய்வமான பைரவரின் கோயிலில் இசுலாமியக் குழந்தை பிறப்பதும், அக்குழந்தை வளர்ந்து மற்றொரு கலவரத்தைத் தடுப்பதும் படத்தின் கருத்தோடு இயைந்தவை. ஆட்டவிதியை ஊழ்விதியில் ஊன்றிவைக்கும் தமிழ் முறை இதுவெனலாம். மணிமேகலையில் நினைவு நிகழ்ச்சியைத் திருத்தவில்லை, இங்கே திருத்துகிறது. ஆனால் திருத்தும் ஆற்றல் பிறப்பினால் வருகிறது. ஊழே ஊழினை வெல்லும் கருவியாகிறது.

ஆடாப் பாத்திரங்கள்

கணினி விளையாட்டில் ஆடுபவரின் ஆணைக்கு உட்படாது, வகுத்த பாதையில் வந்துபோகும் பாத்திரங்கள் உண்டு. அவற்றை ஆடாப் பாத்திரங்கள் எனலாம். அவை ஒவ்வொரு முறையும் அதே சொல்லைச் சொல்லும். எதனையும் நினைவிற் கொள்ளா. ‘மாநாடு’ எதிர்கொள்ளும் உண்மையான இடர் இங்கேதான் உள்ளது. சீதாலட்சுமி (கல்யாணி பிரியதர்ஷன்) அறிவுக்கூர்மை உடையவளாகப் படைக்கப்பட்டிருந்தும் ஒவ்வொரு சுழற்சியிலும் புதிதாக நம்பவைக்கப்பட வேண்டியவளாகிறாள். முதலமைச்சரும் மணமக்களும் பழிசுமத்தப்படும் இளைஞனும் காக்கப்படுகின்றனர். தாம் காக்கப்பட்டதை முழுதாக அறிவதில்லை.

எல்லாவற்றினும் மேலாக, மாநாட்டிற்குத் திரண்ட மக்கள் இருக்கின்றனர். படத்தின் பெயரே மக்கள் கூட்டத்தைக் குறிப்பது. கலவரம் மூண்டால் இறப்பவர்களும் அவர்களே. கலவரக்காரராக மாற்றப்படுபவர்களும் அவர்களே. ஆயினும் ஆட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஒருவனுடைய நினைவும் இன்னொருவனுடைய துப்பாக்கியும் அவர்களின் கதியை முடிவுசெய்கின்றன. மதவெறுப்பு ஒரே நாளில், ஒரே குண்டினால் உண்டாவதில்லை என்பதும், அதனைத் தடுப்பதற்குப் பலருடைய நினைவு வேண்டும் என்பதும் இச்சட்டகத்திற்குள் அடங்கவில்லை. காலச்சுழல் ஒரு நாளைத் திருத்த வல்லது. அந்நாள் எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய அதற்கு நேரமில்லை.

இக்குறையைச் சுட்டுவதால் படத்தின் துணிவு குறைந்துவிடாது. பெருவழக்கான தமிழ்ப்படங்கள் பலவற்றில் இசுலாமியப் பாத்திரம் ஐயத்திற்குரியவனாகவோ நாயகனின் நண்பனாகவோ நின்றுவிட்ட சூழலில், ஐயப்படுதல் என்னும் செயலையே சதியாகக் காட்டி, அதற்குப் பலியாகவிருந்தவனை நாயகனாக்கியது ‘மாநாடு’. மீண்டும் மீண்டும் அதே பழி அதே சமூகத்தின்மீது விழுவதைக் காட்டுவதற்கு, மீண்டும் மீண்டும் நிகழும் கதைமுறை பொருத்தமான வடிவமாகவும் அமைந்துவிட்டது. சுழற்சி இங்கே வெறும் உத்தியாக நில்லாமல் பொருளாகவும் ஆகிறது.

முடிவுரை

விளையாட்டின் கதைமுறையைத் திரைப்படம் மேற்கொள்ளும்போது ஆடும் உரிமை பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது நினைவே. காலிக் மறக்காததைத் திரையரங்கிலுள்ளோரும் மறப்பதில்லை. தவிர்க்கப்பட்ட கலவரம் கதைமாந்தருக்கு நிகழாத ஒன்று. பார்த்தவர்க்கோ பலமுறை நிகழ்ந்த ஒன்று. படத்திற்குள் ஆடாப் பாத்திரங்களாக நின்றுவிட்ட மக்களின் இடத்தைப் படத்திற்கு வெளியே பார்வையாளர் நிரப்புகின்றனர்.

‘கேம் ஓவர்’ மீளும் வாய்ப்பினைக் கடனாகக் கண்டது. ‘மாநாடு’ அதனைக் கடமையாகக் கண்டது. வாய்ப்பு எவருக்குத் தரப்படுகிறது, எவருக்கு மறுக்கப்படுகிறது என்னும் வினா இரண்டிலும் எஞ்சியுள்ளது. நினைவினை ஒருவனிடம் குவிக்காது பலரிடம் பகிர்ந்தளிக்கும் காலச்சுழல் கதை தமிழில் எழுதப்படுமாயின், அது இவ்வினாவிற்கு விடையாகலாம். அதற்கான வித்து ‘மாநாட்டிலேயே’ உள்ளது. குருதி வழியே நினைவு பகைவனுக்குச் செல்லக்கூடுமெனின், மக்களுக்கும் செல்லக்கூடும்.