எல்லாப் பந்துக்கும் அப்பீல்

பொருளாதார நிபுணர் நூரியல் ரூபினியின் ஸ்கோர்கார்டைப் புரட்டுகிறவர்கள் தேடுவது ஒரே ஒரு விக்கெட்டைத்தான். 2006 செப்டம்பர் 7, வாஷிங்டனில் பன்னாட்டு நாணய நிதியத்தின் கூட்டம். அமெரிக்காவில் வீட்டு விலை சரியும், கடன் வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் திணறுவார்கள், அந்தக் கடன்களை மூட்டைகட்டி விற்ற பத்திரங்கள் உலகம் முழுக்க மதிப்பிழக்கும், பெரிய நிதி நிறுவனங்களே ஆட்டம் காணும் என்றார் இந்த நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். அரங்கில் நம்பியவர்கள் குறைவு. 2008 செப்டம்பர் 15-ல் லீமன் பிரதர்ஸ் திவாலானதும் 'டாக்டர் டூம்' என்ற கிண்டல் பெயரே பட்டமாகிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைத் தள்ளுவது சரியல்ல. குருட்டாம்போக்கில் சொல்பவர் ஸ்டம்ப் விழும் என்பதோடு நிறுத்திக்கொள்வார். இவர் பந்து எங்கே குத்தும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் சொன்னார். 1990-களில் மெக்சிகோவும் தாய்லாந்தும் வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்து விழுந்ததை ஆராய்ந்தவர், அதே அளவுகோலை அமெரிக்காவின் மேல் வைத்தார். அதிலும் ஒரு பந்து வைடு: டாலர் சரியும் என்பது அவர் எதிர்பார்ப்பு, நெருக்கடியின் உச்சத்தில் டாலர் ஏறியது.

அதற்குப் பிந்தைய ஓவர்கள்தான் சிக்கல். 2009 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 600-க்கோ அதற்கும் கீழோ போகும் என்றார். அது 676-ல் தரைதட்டி, ஆண்டு முடிவில் 1,115-ல் நின்றது. 2022-ல் அவருடைய 'மெகாத்ரெட்ஸ்' புத்தகம் வெளியான சமயத்தில், 2023 முழுக்க நீளும் மோசமான மந்தநிலை வரும் என்றார். அமெரிக்கப் பொருளாதாரம் வளர்ந்தது, அதே குறியீடு அந்த ஆண்டில் 24 சதவீதம் உயர்ந்தது. வட்டி ஏறினால் கடன் கழுத்தை நெரிக்கும் என்ற கணக்கு தவறல்ல. ஆனால் வீட்டுக்கடன் வாங்கிய அமெரிக்கக் குடும்பங்களில் பெரும்பகுதி 30 ஆண்டு நிலையான வட்டியில் அதைப் பூட்டிவைத்திருந்ததால், ஏறிய வட்டி அவற்றின் தவணையைத் தொடவில்லை. 2006-ல் ஒரு விரிசலை உற்றுப் பார்த்தவர், இந்தப் புத்தகத்தில் கடன், முதுமை, பணவீக்கம், செயற்கை நுண்ணறிவு, பருவநிலை என்று பத்து ஆபத்துகளை அடுக்குகிறார். பத்துத் திசையிலும் ஆள் நிறுத்தினால் எங்காவது கேட்ச் வரத்தான் செய்யும். அதை பவுலரின் கணக்கில் எழுதுவது நியாயமா?

எச்சரிப்பதுதானே அவர் தொழில், எச்சரிக்கையைக் கேட்டு உலகம் தப்பித்திருந்தால் அதைத் தோல்வி என்பதா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அவர் பேச்சுக்காக அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் பிரேக் போடவில்லை; 2023 ஜூலை வரை வட்டியை ஏற்றிக்கொண்டே போய் 5.25-5.5 சதவீதத்தில் நிறுத்தியது. அவர் சொன்ன சோதனை நடந்தே தீர்ந்தது, சொன்ன முடிவுதான் வரவில்லை. 2025-ல் அவரே லெங்த்தை மாற்றியிருக்கிறார்: அமெரிக்கா விதித்த சுங்கவரிகளின் பாதிப்பைத் தொழில்நுட்பம் ஈடுகட்டி, அமெரிக்க வளர்ச்சியைத் தூக்கும் என்கிறார். இதையும் அதே ஸ்கோர்கார்டில், தேதி போட்டுத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.