மண்டியிட்ட மன்னன்

1600-ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஹாம்லெட்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், கொலைகாரன் கிளாடியஸ் தனித்து இறைஞ்ச முயலும் காட்சி வருகிறது. உடன்பிறந்தவனை நஞ்சிட்டுக் கொன்று, அவனுடைய அரியணையையும் மனைவியையும் கைக்கொண்டவன் அவன். தன் குற்றத்தையே நடிகர்கள் மேடையில் நிகழ்த்தக் கண்டு நிலைகுலைந்து வந்திருக்கிறான். அவனது இறைஞ்சலைக் கபடம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காண்பதற்கு எவருமற்ற இடத்தில் நயவஞ்சகம் யாருக்காக?

இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் தவ்பாவை மூன்று கூறுகளின் சேர்க்கையாக விளக்குகிறார்: பாவத்தின் கேட்டை உணரும் அறிவு, அதனால் உள்ளத்தில் எழும் கைசேதம், அதிலிருந்து பிறக்கும் செயல். முதலிரண்டும் கிளாடியஸிடம் குறைவின்றி உள்ளன. காபீலின் ஆதிப் பழி தன்மீது படிந்திருப்பதை அவனே சொல்கிறான். சகோதரனின் குருதி படிந்த கையைக் கழுவ வானில் மழையில்லையா என ஏங்குகிறான். இறைவனின் கருணையில் அவனுக்கு ஐயமில்லை. கவர்ந்ததைக் கையில் வைத்துக்கொண்டே மன்னிப்புப் பெற முடியுமா என்ற இடத்தில்தான் அவன் இடறுகிறான். மகுடம், பேராசை, அரசி ஆகிய மூன்றையும் அவனால் விட இயலவில்லை. கொள்ளைப் பொருளைக் கொண்டே இவ்வுலக நீதியை வாங்கிவிடலாம், மேலே அது செல்லாது என்று தனக்கு எதிரான தீர்ப்பையும் அவனே எழுதிவிடுகிறான். பிறர் உரிமையை மீட்டளிக்காத தவ்பா நிறைவுறாது என்னும் நம் அறிஞர்களின் நிபந்தனையை இவ்வளவு துல்லியமாக உணர்ந்த வில்லன் அரிது.

உருவிய வாளுடன் பின்னால் வரும் ஹாம்லெட்டோ, மண்டியிட்ட உடலை மட்டுமே காண்கிறான். இறைஞ்சும்போது கொன்றால் இவன் சுவனம் புகுவான், தன் தந்தையோ பாவச் சுமையோடு மாண்டார் எனக் கணக்கிட்டு விலகுகிறான். 1765-இல் இந்நாடகத்தைப் பதிப்பித்த சாமுவேல் ஜான்சனுக்கு அவ்வுரை வாசிக்கவே கொடியதாகப்பட்டது. அவன் சென்றபின் எழும் மன்னன், சொற்கள் மட்டுமே மேலே சென்றன, எண்ணங்கள் கீழேயே தங்கிவிட்டன என்கிறான். ஹாம்லெட்டை இங்கிலாந்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை மண்டியிடும் முன்பே அவன் முடித்திருந்தான். அது கொலை ஆணை என்பது நமக்குத் தெரிவது அடுத்த அங்கத்தில்தான்.

எவளை விட மனமின்றி மன்னிப்பை இழந்தானோ, அந்த அரசி இறுதிக் காட்சியில், ஹாம்லெட்டுக்கென அவன் நஞ்சிட்ட கிண்ணத்தை எடுக்கிறாள். பருக வேண்டாம் என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்வதில்லை. காரணம் சொன்னால் சதி வெளிப்பட்டுவிடும். அவள் பருகுகிறாள், காலம் கடந்துவிட்டதெனத் தனக்குள் முணுமுணுத்து அவன் பார்த்திருக்கிறான்.